இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு

வேப்பேரியில் ஒரு மாடியறையில் ஹெப்சிபா வயோலா சொல்லிக்கொடுத்து வந்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவரிடம் மாணவராகச் சேர ஒருவர் படியேறி வந்தார். வந்தவருக்கு அறுபத்திரண்டு.

"பேரு சார்?"

"மாசிலாமணி."

"இதுக்கு முன்னாடி வாசிச்சிருக்கீங்களா?"

"முப்பத்தஞ்சு வருஷம்."

ஹெப்சிபா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

வயோலா பார்ப்பதற்கு வயலின் போலவே இருக்கும். கொஞ்சம் பெரிது. குரல் தணிந்தது. சினிமாவில் கதாநாயகி அழும்போது பின்னால் நீளமாக ஒரு சுரம் நிற்குமே, அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் வயோலாதான். மாசிலாமணி ரிக்கார்டிங் ஆர்கெஸ்ட்ராவில் முப்பத்தைந்து வருடம் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரிக்கார்டிங் ஹாலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சவுண்ட் இன்ஜினியரின் குரல் வரும்: "வயோலா கொஞ்சம் கம்மி." மாசிலாமணி குறைத்துக்கொள்வார். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. வேலை அதுதான்.

"இப்ப எதுக்கு வந்திருக்கீங்க சார்?"

"ஒரே ஒரு தடவை முன்னாடி நின்னு தனியா வாசிக்கணும் டீச்சர்."

"வாசிக்கலாமே."

"எதை வாசிக்கிறது?" மாசிலாமணியின் குரல் சட்டென்று உயர்ந்தது. ரொம்ப நாள் மனதில் வைத்திருந்த கேள்வி போல. "கான்செர்டோன்னு ஒண்ணு இருக்கே. ஒரு வாத்தியம் முன்னாடி நிக்கும், மொத்த ஆர்கெஸ்ட்ராவும் பின்னாடி துணைக்கு வரும். அது வயலினுக்கு அடுக்கடுக்கா கிடக்கு. பியானோவுக்குக் கிடக்கு. செல்லோவுக்கு, புல்லாங்குழலுக்குக்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல மனசைத் திறந்துபோட்டு எழுதினாங்க. எல்லாத்துக்கும் எழுதினாங்க. எங்களுக்கு மட்டும் யாரும் எழுதல."

ஹெப்சிபா எழுந்து சுவரோரம் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தார்.

நான்கு தட்டு நிறைய நோட்ஸ். சிலவற்றுக்குப் பழுப்பு அட்டை. சிலவற்றை நாடாவால் கட்டி வைத்திருந்தார்.

"என்ன இதெல்லாம்?"

"வயோலாவுக்கு எழுதினது. நீங்க சொன்ன அதே நூற்றாண்டுல. என்னால கொண்டுவர முடிஞ்சது இவ்வளவுதான்."

ஹெப்சிபா பதினொரு வருடம் ஐரோப்பாவில் படித்து வாசித்துவிட்டுத் திரும்பியவர். கூடப் படித்தவர்கள் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனபோது அவர் சின்ன ஊர்களின் நூலகங்களில் உட்கார்ந்து நகல் எடுத்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி பீரோவின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவர் கேள்வியே படாத பெயர்கள். ஆனால் அட்டையில் எல்லாம் ஒரே சொல்: வயோலா.

"இவ்வளவு இருக்கா? ஏன் டீச்சர் ஒருத்தரும் வாசிக்கல?"

"முப்பத்தஞ்சு வருஷமா வயோலா வாசிக்கிறீங்க. இன்னைக்குத்தான் கேக்குறீங்க."

மாசிலாமணி கையிலிருந்த நோட்ஸைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். நன்றாக வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று அவர் தேர்ந்தெடுத்தது ஆகுஸ்ட் ஹெல்டர்மான் என்பவர் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றில் எழுதிய கான்செர்டோ. மூன்று பகுதிகள். ஏன் அதை எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. முதல் வரி வயோலாவின் மிகக் கனமான கம்பியில் தொடங்கியது. மற்றவையெல்லாம் மேலே ஏறி நின்று தொடங்கின. இது வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே பேச ஆரம்பிக்கிற ஆள் மாதிரி இருந்தது.

"எழுதினவர் பெரிய ஆளா டீச்சர்?"

"வாசிங்க."

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு வகுப்பு.

"என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்க சார். உங்க வயசுக்கு டீச்சர்னு கூப்பிடறது கூச்சமா இருக்கு."

"சொல்லிக்கொடுக்கறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்ல டீச்சர்."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

முதல் வகுப்பில் அவர் முதல் வரியை வாசித்தார். சுருதி சுத்தம். வில் சுத்தம்.

"கேக்கல" என்றார் ஹெப்சிபா.

மாசிலாமணி வில்லை அழுத்தினார்.

"இப்ப சத்தம் கேக்குது. உங்களைக் கேக்க முடியல."

அடுத்த வகுப்பில் ஹெப்சிபா குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். சாலையைக் கடந்து எதிரே இருந்த ஜூஸ் கடையில் நின்றுகொண்டு, மேலே பார்த்துக் கையைக் காட்டினார். மாசிலாமணி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தார். ஹெப்சிபா ஒரு சாத்துக்குடி ஜூஸ் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கேட்டுச்சா டீச்சர்?"

"மிக்ஸி கேட்டுச்சு."

மூன்று வாரம் இப்படியே போனது. ஆறு ஜூஸ்.

"நான் என்னதான் தப்பு பண்றேன்?" என்று ஒரு வெள்ளிக்கிழமை மாசிலாமணி கேட்டார். கோபம் இல்லை, ஆனால் களைத்திருந்தார்.

"வாசிங்க, சொல்றேன்."

வாசித்தார். ஒரு இடத்தில் சுரம் மேலே ஏறிப் பெரிதாக வேண்டும். அந்த இடத்துக்கு முன்னால் ஹெப்சிபா கையைத் தூக்கினார்.

"இடது பக்கம் யாரு சார் இருக்கா?"

மாசிலாமணி இடது பக்கம் பார்த்தார். சுவர். சுவரில் ஒரு காலண்டர்.

"யாரும் இல்லையே."

"ஒவ்வொரு தடவை சுரம் ஏறும்போதும் அங்க பாக்குறீங்க."

ரிக்கார்டிங் ஹாலில் கண்ணாடி அந்தப் பக்கம்தான் இருந்தது. பெரிய சுரம் வரும்போதெல்லாம் அவர் கண் தானாக அங்கே போகும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை கீழே இறங்குகிறதா என்று பார்க்கும். கை இறங்குவதற்கு முன்பே வில் இறங்கிவிடும்.

அவர் வயோலாவை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்று வாசித்தார். ஹெப்சிபா அன்று ஜூஸ் கடைக்குப் போகவில்லை. ஆனால் முதல் பக்கம் முடிவதற்குள், ஜூஸ் கடை பஷீர் மிக்ஸியை நிறுத்திவிட்டு அண்ணாந்து மாடியைப் பார்த்தார்.

வீட்டிலும் அது தெரிந்தது. மாசிலாமணியின் மனைவி புஷ்பம் கணவர் வாசித்த எல்லாப் படங்களையும் பார்த்தவர். கல்யாணமான புதிதில் தியேட்டரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல உங்க சத்தம் எது?" என்று கேட்பார். மாசிலாமணி யோசித்துவிட்டு, "எல்லாத்துக்கும் நடுவுல" என்பார். நான்கைந்து படங்களுக்குப் பிறகு புஷ்பம் கேட்பதை விட்டுவிட்டார்.

இப்போது ஒரு நாள் சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"நீங்களா அது?"

"பின்ன யாரு?"

"ரேடியோவோன்னு நெனச்சேன்."

அன்று மதியம் மாசிலாமணி இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டாம் பகுதி மெதுவானது. அதை வாசித்த இரண்டு மாதங்களைத்தான் தன் வாழ்க்கையிலேயே நிம்மதியான மாதங்கள் என்று பிற்பாடு சொல்லுவார். காலையில் எழுந்ததும் வாசிப்பார். மாலையில் நடந்துவிட்டு வந்து வாசிப்பார். அந்தப் பகுதியில் வேகம் கிடையாது, சாகசம் கிடையாது. ஒரு மெட்டு, அது நான்கு தடவை வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு சுரம் மட்டும் மாறும். நான்காம் தடவை எந்தச் சுரம் மாறும் என்று தெரிந்திருந்தும், அங்கே வரும்போது அவருக்கு ஒவ்வொரு நாளும் சிலிர்த்தது.

நிம்மதியோடு கூடவே இன்னொன்றும் வந்தது. பழைய நண்பர்களிடம் போனில் பேசும்போது, "நூத்தம்பது வருஷமா யாரும் தொடாதது தெரியுமா?" என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு, "நான் கண்டுபிடிச்சேன்" என்றார். பீரோவைத் திறந்தது யார் என்பது கதையிலிருந்து மெல்ல நழுவிவிட்டது.

கச்சேரிக்கு நாள் குறித்தார்கள். பக்கத்துத் தேவாலயத்தின் சபை மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு. ஆர்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டியதைப் பியானோவில் வாசிக்கப் பெரம்பூரிலிருந்து டெரிக் என்ற இளைஞன் வருவதாக ஏற்பாடு. அழைப்பிதழுக்கு மாசிலாமணி தானே வாசகம் எழுதிக்கொண்டு வந்து ஹெப்சிபாவிடம் நீட்டினார்.

ஹெப்சிபா வாசித்துப் பார்த்தார்: "நூற்றைம்பது ஆண்டுகளாக எவர் கையும் படாத இசையை மீட்டெடுத்து வழங்குபவர் மாசிலாமணி."

அவர் ஸ்டாண்டில் இருந்த நோட்ஸின் ஒரு பக்கத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அச்சடித்த சுரங்களுக்கு மேலே, மங்கலாக, சின்னச் சின்ன எண்கள். எந்த விரலை வைக்க வேண்டும் என்பதற்கான குறிப்புகள்.

"இது யார் எழுத்து சார்?"

"உங்களுதுதானே? நான் ஆறு மாசமா இதைப் பாத்துதான் விரல் வைக்கிறேன்."

"நான் எடுத்தது நகல். இது மூலத்துலயே பென்சில்ல இருந்துச்சு."

"அப்ப யாரு?"

"எவர் கையும் படாத இசை" என்று ஹெப்சிபா அழைப்பிதழைப் பார்த்துப் படித்தார்.

மாசிலாமணி அந்த எண்களைப் பார்த்தார். ஆறு மாதமாகத் தன் விரல்கள் போன இடமெல்லாம் இன்னொருவரின் விரல்கள் முன்னாலேயே போயிருக்கின்றன. ஆணா பெண்ணா தெரியாது. எந்த ஊர் தெரியாது. மேடையில் வாசித்தாரா, வீட்டு ஜன்னலோரம் வாசித்தாரா தெரியாது. ஒரு கஷ்டமான இடத்தில் அவர் ஒரு எண்ணை அழித்துவிட்டு வேறு எண் எழுதியிருந்தார். அங்கே மாசிலாமணியும் இரண்டு வாரம் தடுமாறியிருந்தார்.

அழைப்பிதழை வாங்கி அந்த வரியை அடித்தார். "வயோலா: மாசிலாமணி" என்பது மட்டும் மிஞ்சியது.

மூன்றாம் பகுதியில்தான் சிக்கல் வந்தது.

அது ஆட்டம் போலத் துள்ளுகிற, மூன்று தட்டுத் தாளத்தில் அமைந்த இசை. நடுவில் ஒரு அருமையான மெட்டு வருகிறது. அந்த மெட்டு வந்ததும் அது ஆர்கெஸ்ட்ராவின் வயலின்களுக்குப் போய்விடுகிறது. முன்னால் நிற்கிற வயோலாவுக்கு ஹெல்டர்மான் கொடுத்திருந்தது இவ்வளவுதான்: முதல் தட்டில் சும்மா இருக்க வேண்டும். இரண்டாம் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் வில்லால் சின்னதாகத் தொட வேண்டும். ம்-டக்-டக். ம்-டக்-டக். இப்படியே நாற்பத்து நான்கு சுற்று.

அதை முதல் தடவை வாசித்த அன்று மாசிலாமணி பாதியில் நிறுத்தினார். வில்லைப் பெட்டிக்குள் வைத்தார்.

"என்ன சார்?"

"டீச்சர், இதைத்தான் முப்பத்தஞ்சு வருஷம் வாசிச்சேன். டூயட்டுன்னா இது. கல்யாணப் பாட்டுன்னா இது. ம்-டக்-டக். ஒரே ஒரு தடவை முன்னாடி நிக்கலாம்னு வந்தா, இங்கயும் இந்த ஆள் என்னை இதே வேலைக்கு அனுப்புறான்."

ஹெப்சிபா தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"மெட்டு பியானோவுல போகும். நான் எல்லார் முன்னாடியும் நின்னு டக்-டக்னு தட்டிட்டிருப்பேன். என் கூட வாசிச்சவங்க எல்லாம் வராங்க. சிரிப்பாங்க டீச்சர்."

பிறகு ஏதோ நினைவு வந்தவராகப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். நகலில் அந்தப் பக்கத்தின் மேல் மூலைக்கு மூலை ஒரு பெரிய குறுக்குக் கோடு இருந்தது. அதே மங்கிய பென்சில்.

"பாருங்க. முன்னாடி வாசிச்சவரும் இதை வெட்டியிருக்கார். நானும் வெட்டிடறேனே?"

"வெட்டிடுங்க" என்றார் ஹெப்சிபா.

மாசிலாமணி இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராகி வந்திருந்தார்.

வெட்டினார்கள். டெரிக் வந்து சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். "சூப்பரா போகுது அங்கிள்" என்றான் டெரிக். போகத்தான் செய்தது. வெட்டிய இடம் தெரியவில்லை. மாசிலாமணிக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, வகுப்பு முடிந்தும் அவர் எழுந்து போகவில்லை.

"என்ன சார்?"

"வெட்டினது சரிதானே டீச்சர்?"

"உறுத்துதா?"

"உறுத்தல. ஆனா எழுதத் தெரியாத ஆள் இல்லையே இவர். ரெண்டாவது பகுதியை எழுதின கைதானே இதையும் எழுதியிருக்கு? அப்புறம் ஏன் இப்படி?"

ஹெப்சிபா எழுந்து தன் வயோலாவை எடுத்தார். மாசிலாமணியை அறையின் நடுவில் நிறுத்தினார். அவருக்குப் பின்னால், நான்கு அடி தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"டெரிக் வாசிக்கிற மெட்டு மனப்பாடம்தானே? அதை நீங்க வாசிங்க."

"எனக்கு எழுதினது அது இல்லையே."

"இன்னைக்கு வாசிங்க."

மாசிலாமணி மெட்டைத் தொடங்கினார். பின்னாலிருந்து அது வந்தது. ம்-டக்-டக். ம்-டக்-டக்.

முதலில் அவருக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. வில் தானாகப் போனது. அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பையனாக முதல் பாடம் வாசித்த நாள் முதல் அவர் எண்ணாமல் வாசித்ததே கிடையாது. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது அது நின்றுபோயிருந்தது. வேறு யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்சம் தாமதித்தால் அந்த டக்-டக் அவருக்காகத் தாமதித்தது. அவர் முன்னால் சாய்ந்தால் அதுவும் சாய்ந்தது. மெட்டு சோகமாகத் திரும்புகிற இடத்தில், அவர் திரும்புவதற்கு ஒரு நொடி முன்பே பின்னால் சுரம் மாறியது. வழியில் விளக்கைப் போட்டுவிட்டுப் போனது போல.

பன்னிரண்டாம் சுற்றில் மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். அவர் வில் நின்றது.

ஹெப்சிபாவும் நிறுத்தினார்.

"மெட்டு உங்ககிட்ட இருக்கு. இங்க என்ன பாக்குறீங்க சார்?"

மாசிலாமணி வயோலாவை மறுபடி தோளில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை" என்றார்.

நாற்பத்து நான்கு சுற்றையும் வாசித்தார்கள். முடித்ததும் மாசிலாமணி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். கீழே பஷீர் கடையில் யாரோ ஜூஸுக்கு ஐஸ் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், இதை எழுதினவருக்கு என்ன வேலை?"

"நாடகக் கொட்டகையில. சின்ன ஊரு. அங்க ஒரு ஆர்கெஸ்ட்ரா இருந்துச்சு. அதுல முப்பது வருஷம்."

"என்ன வாசிச்சார்?"

"வயோலா. பின் வரிசையில."

"இதை அரங்கேத்தினது யாரு?"

"அவரேதான். ஒரே ஒரு தடவை முன்னாடி வந்து நின்னு வாசிச்சார்."

மாசிலாமணி ஸ்டாண்டுக்கு வந்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். குறுக்குக் கோட்டின் ஓரத்தில், அச்சிட்டிருந்த ஜெர்மன் சொற்களுக்குப் பக்கத்தில், தமிழில் எழுதினார்: வாசிக்கவும்.

டெரிக்குக்கு இது பிடிக்கவில்லை. "அங்கிள், மெட்டு என் கையில இருக்கும். எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க. உங்க கச்சேரி இது."

"பாக்கட்டும் தம்பி."

கச்சேரி அன்று புழுக்கம். மின்விசிறி போட்டால் நோட்ஸ் பறக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். ஹெப்சிபா வாசலில் நின்று வந்தவர்களை எண்ணினார். முன்வரிசையில் புஷ்பம், பட்டுப்புடவையில். பஷீர் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். பழைய ஆர்கெஸ்ட்ரா ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் வரதன் என்பவர் முதல் வயலின். ரிக்கார்டிங் ஹாலில் இருபது வருடம் மாசிலாமணிக்கு நேர் முன்னால் உட்கார்ந்து வாசித்தவர்.

முதல் பகுதியில் மாசிலாமணி ஒரு இடத்தில் தவறினார். புழுக்கத்தில் ஒரு கம்பி தளர்ந்துவிட்டது. பகுதி முடிந்ததும் அவசரப்படாமல் சுருதி சேர்த்துக்கொண்டார். இரண்டாம் பகுதியில், நான்காம் தடவை மாறுகிற அந்தச் சுரத்தில், யாரோ மெல்ல "ஆகா" என்றார்கள்.

பிறகு மூன்றாம் பகுதி. மெட்டு வந்தது. பியானோவுக்குப் போனது.

டெரிக் சொன்னது சரி. எல்லா முகங்களும் பியானோ பக்கம் திரும்பின.

மாசிலாமணி வாசித்தார். முதல் தட்டில் காத்திருந்தார். இரண்டு, மூன்று. காத்திருந்தார். இரண்டு, மூன்று. அடக்கி வாசிக்கவில்லை, அலங்கரிக்கவும் இல்லை. டெரிக்கின் வலது கையைக் கேட்டுக்கொண்டே, அது போக நினைக்கிற இடத்துக்கு ஒரு நொடி முன்பே போய் நின்றார். டெரிக்கின் தோள்கள் தளர்ந்தன. அவன் மெட்டை ஒத்திகையில் வாசித்ததைவிட அழகாக வாசித்தான். ஏன் இப்படி வருகிறது என்று அவனுக்கே தெரியாமல் ஒரு தடவை நிமிர்ந்து மாசிலாமணியைப் பார்த்தான்.

அவன் பார்த்ததும் மற்றவர்களும் பார்த்தார்கள். முதலில் புஷ்பம். பிறகு பஷீர். வரதன் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு, அந்த வில்லையே பார்த்தார். நாற்பத்து நான்கு சுற்று முடிந்து மெட்டு வயோலாவுக்கே திரும்பி வந்தபோது, மண்டபத்தில் பியானோவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவரும் இல்லை.

முடிந்ததும் கை தட்டினார்கள். வெகு நேரம் தட்டினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நின்றுகொண்டு தட்டினார்கள்.

ஒருவர் வந்து, "ரெண்டாவது பாகம் பிரமாதம். கடைசிதான் கொஞ்சம் நீளம்" என்றார். மாசிலாமணி அவருக்கும் நன்றி சொன்னார்.

வரதன் எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டு வந்தார்.

"யோவ், உனக்கு முன்னாடி இருபது வருஷம் உக்காந்திருந்தேன்யா."

"ஆமா."

"இதையா வாசிச்சிட்டிருந்த, பின்னாடி?"

"இதையேதான்."

வரதன் அவர் தோளில் கையை வைத்தார். பிறகு புஷ்பத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மண்டபத்தில் நாற்காலிகளை மடித்து அடுக்கும் சத்தம். வெளியே வெயில் தணிந்து மஞ்சளாகியிருந்தது. மாசிலாமணி படியில் உட்கார்ந்து வில்லின் முடியைத் தளர்த்தினார். ஹெப்சிபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புஷ்பம் உள்ளே டெரிக்குக்கு வடையை மூன்றாம் தடவையாக வற்புறுத்திக்கொண்டிருந்தது கேட்டது.

"மனசு நெறஞ்சிருக்கு டீச்சர்."

"நல்லா வாசிச்சீங்க சார்."

மாசிலாமணி வில்லைப் பெட்டியில் வைத்தார். மூடினார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இவங்க எல்லாம் இப்ப வீட்டுக்குப் போவாங்க. சாப்பிடுவாங்க, டிவி பாப்பாங்க. நாளைக்கு அவங்கவங்க வேலை. அடுத்த மாசம் இது யாருக்கு ஞாபகம் இருக்கும்? மறுபடியும் மறந்துதானே போகும்?"

"மறந்துடுவாங்க" என்றார் ஹெப்சிபா.

மாசிலாமணி தலையாட்டினார்.

"நேத்து வரைக்கும் இந்த ஊர்ல இதை மறக்கறதுக்குக்கூட ஒரு ஆள் இல்ல சார்" என்றார் ஹெப்சிபா. "இப்ப அறுபத்திமூணு பேர் இருக்காங்க."